அஞ்சு வார்த்தைக்கு மேல் போனால்

எண்பதுகளின் நடுவில் நான் கல்யாணம் செய்துகொண்டு பம்மலுக்கு வந்தேன். 'வந்தேன்' என்று நான் சொல்கிறேன். தாம்பரத்தில் என் அப்பா 'ஓடிப்போயிட்டா' என்று சொன்னார். ஓடவெல்லாம் இல்லை. பட்டப்பகலில், பையில் நாலு புடவையும் டைப்ரைட்டிங் சர்டிபிகேட்டும் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் டிக்கெட் எடுத்துத்தான் போனேன். நான் கட்டிக்கொண்டவர் கிறிஸ்தவர். தோல் கையுறை தைக்கும் ஒரு சின்னப் பட்டறையில் தோல் வெட்டுகிற வேலை. நான் அதே பட்டறை ஆபீஸில் டைப்பிஸ்ட். அப்பாவுக்கு அவருடைய மதம் அதிகம் குமட்டியதா, அவர் கையில் இருந்த தோல் வாடை அதிகம் குமட்டியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கல்யாணமான மூன்றாம் நாள் இரண்டு பேரும் தாம்பரத்துக்குப் போய் நின்றோம். கேட்டைத் திறக்கவில்லை. "நீயும் இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது, நீ எழுதற காகிதமும் வரக்கூடாது" என்றார் அப்பா. அம்மா ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. அப்பா சொன்னதை நான் அன்றைக்கே உதறிவிட்டேன். அம்மாவுடைய மௌனத்தைத்தான் உதற முடியவில்லை. அது பயமா, இல்லை அவளும் என்னை வேண்டாம் என்கிறாளா? எனக்கு அது ஒன்று மட்டும் தெரிந்தாக வேண்டும்.

அம்மா பெயருக்குக் கடிதம் எழுதினேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. உறையின் மேல் சிவப்பு மையில் அப்பாவின் ஆங்கிலம்: வாங்க மறுக்கப்பட்டது. இரண்டாவதில் வேறு ஒருவரை விலாசம் எழுதச் சொல்லி அனுப்பினேன். முத்திரையில் பம்மல் என்று இருந்ததே போதும், அதுவும் திரும்பி வந்தது. மூன்றாவதும் அப்படியே. அம்மா பெயருக்கு வந்த கடிதத்தை வேண்டாம் என்று சொல்ல இவர் யார்? ஆனால் அந்த வீட்டில் அம்மா பெயருக்கு என்று தனியாக எதுவும் கிடையாது, ரேஷன் கார்டில் இரண்டாவது வரியைத் தவிர.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் ரயில்வேயில் பார்சல் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். எடை என்ன, கட்டணம் என்ன, ரசீது எங்கே என்று முப்பது வருஷம் கேட்டுப் பழகின வாய். ரிட்டயர் ஆனபிறகு கேட்டுக்குப் பக்கத்தில் வயர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற தபாலையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒட்டின உறை என்றால் அவர் கைக்குத்தான் போகும். ஸ்டாம்பு கூடவா குறைவா என்று முதலில் பார்ப்பார், பிறகுதான் யார் அனுப்பியது என்று பார்ப்பார். எந்த உறைக்கு எவ்வளவு ஒட்டணும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

அவருக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும். பட்டறைத் தபால் முழுவதும் என் தலையில்தான் இருந்தது. தோல் துண்டுகளைச் சாம்பிள் பாக்கெட்டாக அனுப்பினால் கட்டணம் குறைவு, ஆனால் பிரித்துப் பார்க்கிற மாதிரிதான் கட்டவேண்டும். இன்லண்டு லெட்டருக்குள் ஒரு துண்டுச் சீட்டைக்கூட வைக்கக்கூடாது. ஸ்டாம்பு குறைந்தால் குறைந்ததற்கு இரண்டு மடங்கு, வாங்குகிறவர் வாசலில் நின்று கொடுக்கவேண்டும். அதற்கு டியூ என்று பெயர். வேண்டாமென்றால் வாங்காமல் திருப்பி அனுப்பலாம். இதெல்லாம் வெள்ளைக்காரன் போட்ட சட்டம். அவன் கப்பலேறிப் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, எங்கள் போஸ்ட் ஆபீஸ் கவுண்டருக்கு மட்டும் அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

அந்தச் சட்டத்தில்தான் எனக்கு ஒரு ஓட்டை கிடைத்தது. பொங்கல் வாழ்த்து அட்டை. உறையை ஒட்டாமல், மடிப்பை உள்ளே செருகி அனுப்பினால் அது புக் போஸ்ட். கட்டணம் குறைவு. அச்சடித்த வாழ்த்துக்குக் கீழே கையால் ஐந்து வார்த்தை எழுதிக்கொள்ளலாம். அதுவும் மரியாதைக்கு எழுதுகிற வாழ்த்து வார்த்தைதான். ஆறாவது வார்த்தை எழுதினால் அது கடிதம், கடிதத்துக்கான ஸ்டாம்பு ஒட்டவேண்டும். இந்த ஊர் ஜனங்கள் வாழ்த்து என்று சொல்லிக்கொண்டு கடிதத்தை நுழைத்துவிடுவார்கள் என்று எவனோ ஒரு துரைக்குப் பயம் வந்திருக்கிறது. நியாயமான பயம்தான், நான் அதைத்தான் செய்யப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவுக்குத் திறந்த உறை என்றால் குப்பை. பொங்கல் சமயத்தில் தபால்காரர் வாழ்த்து அட்டைகளைச் சணலால் கட்டிக் கட்டாகப் போட்டுவிட்டுப் போவார். அப்பா அந்தக் கட்டைத் தொடமாட்டார். அம்மாதான் பிரிப்பாள், ஒவ்வொன்றாக எடுத்து முன்னறை ஜன்னலில் கயிறு கட்டித் தொங்கவிடுவாள். எத்தனை அட்டை வந்தது என்பது எங்கள் தெருவில் ஒரு கௌரவம்.

முதல் வருஷம் பல்லாவரம் சந்தையில் நல்ல பெரிய அட்டையாக வாங்கினேன், கொம்பில் பெயிண்ட் அடித்த இரண்டு மாடு. அவசரத்தில் பதினோரு வார்த்தை எழுதிவிட்டேன். பொங்கல் சமயமென்றால் எங்கள் போஸ்ட் ஆபீஸில் வாழ்த்து அட்டைகளைக் கவுண்டரிலேயே வாங்கிப் பிரித்துப் பார்ப்பார்கள். அங்கே இருந்த கிளார்க் என் அட்டையை வெளியே இழுத்து, பென்சில் முனையால் எண்ணினார்.

"பதினொண்ணு இருக்கும்மா. லெட்டர் ரேட்டு ஒட்டுங்க. இல்லைன்னா டியூ போட்டு அனுப்பிடுவேன்."

இரண்டும் எனக்கு ஆகாது. வாழ்த்து அட்டைக்கு லெட்டர் ஸ்டாம்பு ஒட்டியிருந்தால் அப்பா தாம்பரம் கேட்டிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். இதற்கு எதற்கு இவ்வளவு ஸ்டாம்பு, உள்ளே ஏதோ எழுதியிருக்கிறது என்று எடுத்துப் பார்ப்பார். டியூ போட்டால் தபால்காரர் காசுக்கு அவரிடம்தான் கை நீட்டுவார். ஐந்து வார்த்தைக்குள் இருந்தால்தான் அது அம்மாவிடம் போய்ச் சேரும். அதே மாட்டு அட்டையில் இன்னொன்று வாங்கி, 'நாங்க நல்லா இருக்கோம். கவலைப்படாதே அம்மா' என்று எழுதிக் கொடுத்தேன். உறை மேல் அனுப்புகிறவர் விலாசம் எழுதவில்லை, அட்டைக்கு உள்ளே ஓரத்தில் மட்டும் எழுதினேன், விலாசம் வார்த்தைக் கணக்கில் சேராது. போகிற விலாசத்தை ஆபீஸ் மெஷினில் ஆங்கிலத்தில் டைப் அடித்து ஒட்டினேன், ஏதோ கம்பெனி அனுப்பின மாதிரி.

காணும் பொங்கலன்று பஸ் பிடித்து தாம்பரம் முடிச்சூர் ரோடு வழியாகப் போனேன். இறங்கவில்லை. எங்கள் வீடு வந்ததும் கழுத்தை வெளியே நீட்டிப் பார்த்தேன். கயிற்றின் நடுவில் என் இரண்டு மாடும் தொங்கிக்கொண்டிருந்தன. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைவிட அதிகமாகச் சிரிப்பு வந்தது. அப்பா அதே ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் வருஷமும் அனுப்பினேன். 'வேலை நல்லாப் போகுது. உடம்பைப் பார்த்துக்கோ.' அதுவும் ஜன்னலில் தொங்கியது. ஆனால் அட்டை தொங்குவது பதில் ஆகுமா? படம் அழகாக இருக்கிறதென்று தொங்கவிட்டிருக்கலாம். உள்ளே பிரித்துப் பார்க்காமலே கூடத் தொங்கவிட்டிருக்கலாம். அம்மா ஐந்தாவது வரை படித்தவள். மளிகைச் சீட்டு எழுதுவாள், எனக்கு ஒரு வரி எழுதமாட்டாளா? எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம், அதனால் அது பெரும்பாலும் என் வீட்டுக்காரர் மேல் விழுந்தது.

"இன்னாத்துக்கு இந்த பேஜாரு? நேரா போய் கேட்டுட்டு வாயேன்" என்பார் அவர். "முக்கா மணி நேரம் பஸ்ஸு. உன் அட்டை ரெண்டு நாள் சுத்திகினு போவுது."

"போய் நின்னு, அவளும் ஜன்னலை மூடிட்டா?" என்றேன். அதுதான் விஷயம். அப்பா கதவை மூடினதை நான் தாங்கிக்கொண்டேன். அம்மாவும் மூடிவிட்டால் தாங்குவேனா என்று எனக்கே தெரியவில்லை.

மூன்றாவது பொங்கலுக்கு நான் ஏழு மாதம். வளைகாப்பு போடவேண்டியவள் தாய், தலைப்பிரசவம் பார்க்கவேண்டியது தாய்வீடு. பட்டறையில் தையல் வேலை செய்கிற பெண்கள் சேர்ந்து எனக்குக் கண்ணாடி வளையல் வாங்கிப் போட்டுவிட்டார்கள். கைகொள்ளாத வளையல். வீட்டுக்கு வந்து அவ்வளவையும் கழற்றி வைத்துவிட்டு, இதற்கு மேல் பொறுக்க முடியாது, இந்த வருஷம் நலம் விசாரிக்கப்போவதில்லை, கூப்பிடப்போகிறேன் என்று முடிவு செய்தேன். எழுதி எழுதிப் பார்த்துக் கடைசியில் வந்தது இது: 'பேரனோ பேத்தியோ பார்க்க வா அம்மா.'

கவுண்டரில் அதே கிளார்க். பென்சில் முனை ஐந்தில் நின்றது. பிறகு, முன் இரண்டு வருஷமும் எண்ணியதோடு விட்டவர், இந்தத் தடவை படித்தார். எண்ணுவது அவர் வேலை, படிக்கிறதும் அவர் வேலைதானாம்.

"இது செல்லாதும்மா."

"ஏன் சார், அஞ்சுதானே இருக்கு?"

"அஞ்சுதான். ஆனா இது வாழ்த்து இல்லை, சேதி. யாரையோ வரச் சொல்றீங்க. சேதின்னா லெட்டர் ரேட்டு."

பின்னால் வாழ்த்து அட்டையும் கையுமாக வரிசை வாசல்வரை நின்றது. எனக்கு முதுகு வலி, கால் வீக்கம், மூன்று வருஷத்துக் கோபம், எல்லாம் ஒன்றாக நாக்குக்கு வந்தது.

"ரூலைக் காட்டுங்க சார்."

அவர் நான் போய்விடுவேன் என்று நினைத்துத்தான் அந்தப் புத்தகத்தை எடுத்தார். மேலட்டை கிழிந்து, பைண்டிங் விட்டுப்போன ஆங்கிலப் புத்தகம். பக்கத்தைத் தேடி விரலை வைத்தார். நான் கவுண்டர் கம்பிக்குள் தலையை விடாத குறையாகப் படித்தேன். மரியாதை நிமித்தமாக எழுதப்படும் வார்த்தைகள் ஐந்துக்கு மிகாமல், என்றுதான் இருந்தது.

"மரியாதைக்கு எழுதற வார்த்தைன்னு போட்டிருக்கு. சேதின்னு எங்க போட்டிருக்கு?"

"வரச் சொல்றது மரியாதையாம்மா?"

"உங்க வீட்டுக்கு யாராவது வந்தா என்ன சொல்வீங்க சார்? வாங்கன்னு சொல்வீங்களா, மாட்டீங்களா? அதைவிடப் பெரிய மரியாதை இந்த ஊர்ல என்ன இருக்கு? வெள்ளைக்காரனுக்கு அது தெரியாது. உங்களுக்குமா தெரியாது?"

வரிசையில் ஒருவர், "விடு சார், புள்ளத்தாச்சிய நிக்க வெச்சுகினு" என்றார். கிளார்க் என் வயிற்றைப் பார்க்கவில்லை, அதற்கு அவரைப் பாராட்டவேண்டும். இரக்கப்பட்டு விட்டிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது. அவர் இன்னொரு தடவை அந்த வரியைப் படித்தார், உதட்டைப் பிதுக்கினார், முத்திரையை எடுத்து ஸ்டாம்பின் மேல் ஓங்கி அடித்தார். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். அந்தத் திமிர் தெருமுனை வரைக்கும்தான் இருந்தது. அனுப்பியாகிவிட்டது, இனி அம்மாதான் சொல்லவேண்டும் என்று உறைத்ததும் அங்கிருந்த கடைத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பொங்கலுக்குப் பஸ்ஸில் போய்ப் பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை. பத்து நாள் போனது. யாரும் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் மத்தியானம் எங்கள் தெருத் தபால்காரர் சைக்கிள் மணி அடித்தார். கையில் ஒரு பழுப்புக் காகித உறை, அதை என்னிடம் கொடுக்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"டியூ கீதும்மா. ஸ்டாம்பே ஒட்டல. டபுள் சார்ஜு."

அந்த நாட்களில் சாமி லெட்டர் என்று ஒரு தொல்லை. இதைப் பார்த்து இருபத்தொரு பேருக்கு எழுதி அனுப்பாவிட்டால் ரத்தம் கக்கிச் சாவாய் என்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதுவான், அதையும் ஸ்டாம்பு ஒட்டாமல் போடுவான். அந்த மாதம் மட்டும் இரண்டு வந்து, இரண்டுக்கும் காசு கொடுத்து ஏமாந்திருந்தேன். உறையில் என் பெயர் குண்டு குண்டாக, கோணல் எழுத்தில் இருந்தது. எனக்குத் தெரிந்த கையெழுத்து இல்லை.

"வேணாம்ணா. திருப்பிடுங்க" என்றேன்.

அவர் பேனாவை எடுத்து, எழுதுவதற்காக உறையைத் திருப்பினார். "எங்க திருப்பறது, விலாசம் போட்டுகிறாங்களா... ஆங், கீது. மேற்கு தாம்பரம்" என்று படித்தார்.

நான் அந்த உறையைப் பிடுங்கினேன். பிடுங்கினேன் என்பதுதான் சரியான வார்த்தை. அவர் பேனா கீழே விழுந்தது. உறையின் வாய் பசையால் ஒட்டாமல் நூலால் தைக்கப்பட்டிருந்தது. ஓரம் அடிக்கிற தையல், என் பாவாடைகளுக்கெல்லாம் போட்ட அதே தையல். என் பெயரை அம்மா எழுதி நான் அதுவரை பார்த்ததே இல்லை. பெற்ற தாயின் கையெழுத்து தெரியாமல் திருப்பி அனுப்பப் பார்த்தேனே. காசைத் தபால்காரர் கையில் திணித்துவிட்டு நின்ற இடத்திலேயே பிரித்தேன்.

உள்ளே தினசரி காலண்டர் தாள்கள், பின்பக்கம் முழுவதும் பென்சில் எழுத்து. அதில் எனக்கு மனப்பாடமான பகுதி இது:

"மூணு பொங்கலா அஞ்சு அஞ்சு வார்த்தை எழுதறியே, என் மேல அவ்வளவு கோபமா. அன்னிக்கு ஜன்னல்ல நின்னு வாயத் தொறக்காம இருந்தேன், அதுக்குத்தானே. பக்கத்து வீட்டுப் பொண்ணு அவ அம்மாவுக்கு நாலு பக்கம் எழுதறா. எனக்கு எழுத உன் கை அவ்வளவு வலிக்குதா. ஒவ்வொரு அட்டையையும் வேற எங்கயாவது எழுதியிருக்கான்னு வெளிச்சத்துல காட்டிப் பார்த்தேன். இப்ப வா அம்மான்னு எழுதியிருக்கே. நிஜமாக் கூப்பிடறியா, ஊருக்காகக் கூப்பிடறியா. ஸ்டாம்பு உங்கப்பா எண்ணி வெச்சிருக்கார், எடுக்க முடியாது. வாங்கி ஒட்டத் தெரியாம இல்லை, வேணும்னுதான் ஒட்டலை. நான் வேணும்னா காசு குடுத்து வாங்கிப்ப. வேண்டாம்னா திருப்பி அனுப்பிடு. அது உங்கப்பா கைக்குத்தான் வரும். வந்தா வரட்டும். நான் பார்த்துக்கறேன்."

அந்த வீட்டில் தன் பிழைப்பு முழுவதையும் என் கையில் வைத்து அனுப்பியிருக்கிறாள். நான் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், தபால்காரர் பேனாவையும் திறந்துவிட்டார். அந்தச் சட்டம் எழுதினவன் மேல் வந்த ஆத்திரம் இருக்கிறதே. அவன் எண்ணிக் கொடுத்த வார்த்தைகளை என் அம்மா என் மனசு என்று எடுத்துக்கொண்டு மூன்று வருஷம் அழுதிருக்கிறாள். நானும்தான் என்ன கிழித்தேன்? அவன் கோடு போட்டான், நான் அந்தக் கோட்டுக்குள் எப்படி நெளிவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நேராகப் போய் நிற்கத் தைரியம் இல்லாததற்குச் சட்டத்தைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

பதில் எழுதவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அப்பா வயர் நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், பேப்பரை உயர்த்திக்கொண்டார்.

"யாரைப் பார்க்கணும்?"

"உங்களை இல்லை" என்றேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு, வீட்டைப் பார்த்து, பக்கத்து மாடிக்கும் கேட்கிற குரலில் ஆரம்பித்தேன். "அம்மா, உன் லெட்டரைக் காசு குடுத்து வாங்கிட்டேன். எனக்குக் கோபம் இல்லை. அஞ்சு வார்த்தைக்கு மேல எழுதினா இவர் கண்ணுல பட்டுடும், அதான் எழுதலை. அது போஸ்ட் ஆபீஸ் சட்டம்மா, என் மனசு இல்லை. முதல்ல எழுதின மூணு லெட்டரையும் இவர் திருப்பி அனுப்பினார், அது உனக்குத் தெரியுமா? அதுல பக்கம் பக்கமா எழுதியிருந்தேன்..." அந்த மூன்று கடிதத்திலும் என்ன எழுதியிருந்தேனோ, ஞாபகம் இருந்த வரைக்கும் தெருவில் நின்று சொன்னேன். என்ன சமைக்கிறேன், எங்கே தண்ணீர் பிடிக்கிறேன், மாமியார் என்னை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார், ராத்திரியில் குழந்தை எந்தப் பக்கம் உதைக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"வாயை மூடு. தெருவே பார்க்குது" என்றார் அப்பா. அவர் கண் ஜன்னல் கயிற்றில் தொங்கின அட்டைகளின் மேல் ஓடிக்கொண்டிருந்தது.

"பார்க்கட்டும்" என்றேன்.

கதவு திறந்தது. அம்மா கையைப் புடவையில் துடைத்தபடி வந்தாள். அழுதுகொண்டிருந்தாள், ஆனால் நடை நிற்கவில்லை. அப்பா எழுந்து கேட்டுக்கு முன்னால் நின்றார். "போனா திரும்பி வராதே" என்றார்.

"தள்ளுங்க" என்றாள் அம்மா. அவர் தள்ளவில்லை. அவள் அவருடைய கைக்கு மேலாகக் கையை நீட்டித் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, அவரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். வெளியே வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். "சாதம் குக்கர்ல இருக்கு. குழம்பை நீங்களே சுட வெச்சுக்குங்க" என்றாள்.

மாற்றுப் புடவை எடுக்கவில்லை, செருப்பு போடவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவள் உட்கார்ந்தாள், என் கையை விடவே இல்லை. பல்லாவரத்தில் இறங்கி பம்மல் பஸ்ஸுக்கு நிற்கும்போது, மூன்று வருஷமாகப் பெயரைக்கூடக் கேட்டிராத என் வீட்டுக்காரரைப் பற்றி முதல் முதலாகக் கேட்டாள்.

"உன் வீட்டுக்காரர் காரம் சாப்பிடுவாரா?"